கொசுவின் நான்காம் நாள்

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற சாலையில் இருக்கும் பெரும்பாக்கம் நெடுங்காலம் ஏரிப் பாசனத்து ஊர். வடக்கே பள்ளிக்கரணைக் கழுவெளி. சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்தால் உபரிநீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி அந்தச் சதுப்பில் போய்ச் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகும். தண்ணீர் தேங்குவது இங்கே யாருக்கும் புதிதல்ல. தேங்குவதற்கென்றே அமைந்த பூமி இது.

அந்த ஊரில் இன்று எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்தவர்களைக் குடியமர்த்தக் குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடுகள் 20,000க்கும் மேல். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக இங்கே வந்து சேர்ந்தன. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, வெள்ளம் வடிகிற நிலத்துக்கே கொண்டுவந்தார்கள் என்பதை நான் ஒரு கொடுமையாகவே கருதுகிறேன். ஆனால் இங்கே சொல்ல வந்தது வெள்ளத்தைப் பற்றி அல்ல. அதற்குப் பின்னால் வரும் காய்ச்சலைப் பற்றி.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 150 ஆண்டுகளுக்கு முன் மருத்துவம் படித்தவர்களே சொன்ன பதில், சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்று என்பதுதான். அழுகும் புல், சேறு, மாலையில் கிளம்பும் ஆவி இவைதான் குளிர்காய்ச்சலைக் கொண்டுவருகின்றன என்று ஐரோப்பாவிலும் நம்பினார்கள், சென்னை மாகாணத்தின் ராணுவ மருத்துவமனைகளிலும் நம்பினார்கள். அந்தக் கணக்கில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும்தான் முதல் குற்றவாளிகள். வேடிக்கை என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்த நம்பிக்கை இன்னும் உயிரோடிருக்கிறது. காய்ச்சல் பரவும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் "சதுப்பைத் தூர்த்துவிட்டால் கொசு போய்விடும்" என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். சதுப்புக்கும் டெங்குவுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் உண்டு என்பது அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வியப்பு. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக். பல்கலைக்கழகம் போகாதவர், லத்தீன் அறியாதவர். தானே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையை வைத்துக்கொண்டு 1674இல் ஏரித் தண்ணீரையும், 1676இல் மிளகு ஊறிய தண்ணீரையும் பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது, அதில் முள்முள்ளாக ஏதாவது இருக்கிறதா என்று அறியத்தான் அதை ஊறவைத்தார். ஆசியாவிலிருந்து டச்சுக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போன மிளகு அது. அந்த ஆண்டுகளில் நம் பழவேற்காட்டிலும் டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. காரத்தின் காரணம் அவருக்குக் கிடைக்கவில்லை. துள்ளித் திரியும் நுண்ணுயிர்கள் கிடைத்தன. லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1677இல் ராபர்ட் ஹூக் தானும் பார்த்து உறுதி செய்தார். ஆனால் அந்த உயிர்களுக்கும் நோய்க்கும் உறவுண்டு என்று நிறுவப் பாஸ்டரும் காக்கும் வர வேண்டியிருந்தது. அதற்குள் இரண்டு நூற்றாண்டுகள் கழிந்துவிட்டன.

1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவரான், மலேரியா நோயாளியின் ரத்தத்தில் அசையும் ஒட்டுண்ணியைக் கண்டார். ரத்தத்துக்குள் அது எப்படி வந்தது? இந்தக் கேள்விக்கான விடை தென்னிந்தியாவில் கிடைத்தது என்பதைப் பள்ளிப் பாடங்களில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம்.

ரொனால்ட் ராஸ் 1881இல் சென்னை ராணுவத்துக்கு மருத்துவராக வந்தவர். 1883இல் பெங்களூரில் அவருடைய பங்களாவில் கொசுத் தொல்லை. சன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைப் பார்த்தார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இதைச் செய்யலாமே என்று படைப்பிரிவின் அதிகாரியிடம் சொன்னபோது, இயற்கையின் ஒழுங்கில் கை வைக்கக் கூடாது என்று அவர் மறுத்துவிட்டார். ராஸ் அப்போது மலேரியாவைப் பற்றி யோசிக்கவே இல்லை. தொல்லை தாங்காமல் செய்த காரியம்தான். ஆனால் இன்றுவரை நமக்குத் தெரிந்த மிகச் சிறந்த கொசு ஒழிப்பு முறை அதுவே.

பின்னர் லண்டனில் பேட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். யானைக்கால் நோயின் புழுக்கள் கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1877இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் கண்டவர் மேன்சன். மலேரியாவும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ராஸ் செகந்திராபாத்தில் 19ஆம் மதராஸ் காலாட்படையோடு இருந்தபடி கொசுக்களை அறுத்துப் பார்த்தார். நீலகிரியின் சீகூர் மலைச்சரிவுக்குப் போனவர் தானே மலேரியாவில் படுத்தார். இறக்கையில் புள்ளி கொண்ட கொசுவை, அது சுவரில் உட்காரும் விதம் வேறாக இருப்பதை, அங்கேதான் முதலில் கவனித்தார்.

செகந்திராபாத்தில் ஆகஸ்ட் மாதப் புழுக்கம். விசிறி போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் விசிறி இல்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்துவிட்டன, பார்வைக் கண்ணாடியில் விரிசல். மலேரியா கண்ட உசேன் கான் என்பவரைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, கடிக்கும் கொசுவுக்கு ஒரு அணா வீதம் கூலி கொடுத்தார். 1897 ஆகஸ்ட் 16 அன்று கடித்த கொசுக்களில் ஒன்றை 20ஆம் தேதி அறுத்தபோது வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகள் கொண்ட உருண்டைச் செல்கள் தெரிந்தன. மறுநாள் இன்னொன்றை அறுத்தார். அதில் அதே செல்கள் பெரிதாக வளர்ந்திருந்தன. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை வைத்து, ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிவரை போய்ச் சேர்வதைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு.

நான்காம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையிலான அந்த வளர்ச்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கொசு நோயாளியைக் கடித்த உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிடுவதில்லை. கிருமி கொசுவுக்குள் வளர்ந்து, பெருகி, உமிழ்நீருக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். அந்த நாட்கள் முடியும் முன் கொசு செத்துப்போனால் யாருக்கும் நோயில்லை. அந்த நாட்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பம். கொசுவின் உடலுக்குத் தனிச் சூடு கிடையாது. வெளியில் என்ன சூடோ அதுவே உள்ளேயும். பருவநிலை மாற்றத்துக்கும் பெரும்பாக்கத்துக் காய்ச்சலுக்கும் நேரடி முடிச்சு இங்கேதான் விழுகிறது.

அன்றைய பெரும்பாக்கத்தின் கொசுவும் இன்றைய பெரும்பாக்கத்தின் கொசுவும் ஒன்றல்ல. நெல்வயல்களில் பெருகுவது ஒரு வகைக் கியூலெக்ஸ். அது பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவிலேயே முதன்முதலில் 1955இல் வேலூரில்தான் அடையாளம் காணப்பட்டது. வயல் போன இடத்தில் அந்தக் கொசுவுக்கு வேலை குறைந்தது. வீடுகள் நெருங்க, சாக்கடை தேங்க, யானைக்கால் பரப்பும் இன்னொரு கியூலெக்ஸ் பெருகியது. கிணறுகளிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் முட்டையிடும் அனோஃபிலஸ் ஸ்டீபன்சி சென்னையின் நகர மலேரியாவுக்குப் பொறுப்பு. பிளாஸ்டிக் டிரம், உடைந்த குடம், டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு என்று வீட்டோடு வீடாகக் குடியிருப்பது ஏடிஸ் எஜிப்தி. கால்களில் வெள்ளை வளையம் போட்ட, பகலில் கடிக்கும் கொசு. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் வழியாக வருகின்றன.

மீனும் பறவையும் தவளையும் தட்டானும் வாழும் கழுவெளியில் ஏடிஸுக்கு இடமே இல்லை. அதற்கு வேண்டியது நம் வீட்டுச் சுத்தமான தேங்கிய தண்ணீர். அறுபதாண்டுகளுக்கு முன் ஏறக்குறைய 5,500 ஹெக்டேர் பரப்பில் இருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு, குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் பெரும்பகுதியை இழந்துவிட்டது. 2022இல் 1,247.5 ஹெக்டேர் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. சதுப்பு சுருங்கச் சுருங்க டெங்கு குறைந்திருக்க வேண்டும், கெட்ட காற்று வாதம் சரியென்றால். நடந்தது நேர்மாறு.

சென்னைக்கு இந்தக் காய்ச்சல்கள் நேற்று வந்தவையும் அல்ல. டெங்குவைப் போன்ற காய்ச்சல் இந்தியாவில் பரவியதற்கான முதல் குறிப்பு 1780இல் சென்னையைப் பற்றியதுதான். 1964இல் சிக்குன்குனியா சென்னை நகரை உலுக்கியது. ஏறக்குறைய நான்கு லட்சம் பேர் படுத்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். பிறகு முப்பதாண்டுகளுக்கு மேல் அதன் பேச்சே இல்லை. 2005-06இல் திரும்பி வந்து மூட்டுகளைப் பிடித்தது. 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு 12,826 பேருக்கு, 66 உயிர்கள் போயின. 2017இல் 23,294 பேர், 65 உயிர்கள்.

மலேரியாவின் கதை வேறு. சுதந்திரத்தின்போது நாட்டில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு அது வந்துகொண்டிருந்தது என்று கணக்கு. டிடிடி தெளித்து, ரத்தத் தடவல் எடுத்து, வீடு வீடாக மாத்திரை கொடுத்து அறுபதுகளின் நடுவில் ஒரு லட்சம் அளவுக்குக் குறைத்தார்கள். கவனம் தளர்ந்ததும் 1976இல் 64 லட்சமாக எகிறியது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு முழுவதற்குமே ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் கீழே. இத்தனைக்கும் இந்தக் காலம் முழுக்க வெப்பம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே எல்லாப் பழியையும் வெயில் மேல் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வழியில்லை.

வெப்பம் என்ன செய்கிறது என்பதை நாட்கணக்கில் பார்த்தால்தான் புரியும். 25 டிகிரியில் டெங்கு வைரஸ் ஏடிஸ் கொசுவுக்குள் முதிரச் சராசரியாக 15 நாள். 30 டிகிரியில் ஆறரை நாள். ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன கணக்கு இது. ஒவ்வொரு நாளும் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் ஏறிய நூறு கொசுக்களில் 15ஆம் நாள் மிஞ்சுபவை இருபது. ஆறரை நாளிலேயே முதிர்ந்துவிட்டால் மிஞ்சுபவை ஐம்பது. கொசுவின் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை, நோய் பரப்பத் தகுதி பெற்றவை மட்டும் இரண்டரை மடங்காகிவிட்டன.

ஐந்து டிகிரி ஏறினால்தானே என்று கேட்கலாம். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறியது ஏறக்குறைய 0.7 டிகிரி. நம் கணக்கில் இது ஒரு நாள். பருவநிலை மாற்றம் இதுவரை கொசுவுக்கு ஒரு நாளைத் தந்திருக்கிறது என்று சொல்லலாம். அதன் மேல் கான்கிரீட் தரும் சூடு. சதுப்பையும் வயலையும் மூடி எட்டு மாடிச் சுவர்களை நெருக்கி எழுப்பினால், பகலில் வாங்கிய வெயிலை அவை இரவெல்லாம் கக்குகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடு ஏற ஏற நோயும் ஏறிக்கொண்டே போவதில்லை. டெங்கு பரவலுக்கு மிகத் தோதான வெப்பம் 29 டிகிரிக்குப் பக்கம். 35ஐத் தொட்டால் பரவல் ஏறக்குறைய நின்றுவிடும். மலேரியாவுக்குத் தோது 25 டிகிரி. அதனால் கத்திரி வெயில் டெங்குக் காலம் அல்ல. சென்னையில் ஐப்பசி கார்த்திகையின் சராசரி 26 டிகிரி அளவில் இருக்கிறது. அது 27, 28 என்று நகர்ந்தால் தோதான இடத்துக்கு இன்னும் நெருங்குகிறது, அதுவும் மழைத் தண்ணீர் தேங்கும் மாதங்களில். மே மாதத்து 42 டிகிரியைத்தான் செய்தித்தாள்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. காய்ச்சலைப் பொறுத்தவரை நாம் கவலைப்பட வேண்டியது நவம்பர் மாதத்துக் குளிராத இரவுகளுக்காக. மலையில் கணக்கு வேறு. 16 டிகிரிக்குக் கீழே மலேரியா ஒட்டுண்ணி கொசுவுக்குள் வளராது. நீலகிரி, கொடைக்கானல் உயரங்களைக் காத்துவந்த அந்தக் குளிர் குறைந்தால் அங்கே முதல் முறையாகக் கதவு திறக்கும்.

மழையின் போக்கும் மாறியிருக்கிறது. வெப்பமேறிய கடல் ஒரு மாதத்து மழையை இரண்டே நாளில் கொட்டுகிறது, பிறகு நீண்ட இடைவெளி. 2015இல் வெள்ளம். 2019 கோடையில் நகரத்துக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றி லாரித் தண்ணீருக்கு வரிசை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மீண்டும் வெள்ளம். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் வீட்டில் டிரம் நிரம்பி நிற்கிறது. வெள்ளத்தில் குழாய்த் தண்ணீர் கெட்டுப்போகும் என்று பிடித்து வைக்கிறார்கள், வறட்சியில் நாளைக்கு வராது என்று பிடித்து வைக்கிறார்கள். ஏடிஸுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெரும்பாக்கம் போன்ற இடத்தில் வீட்டுக்கு வீடு கொசுப்புழு பார்க்க வரும் பணியாளர்களை டி.பி.சி. என்று சொல்வார்கள். கையில் டார்ச்சு, தோளில் அபேட் மருந்துப் பை, படி ஏறி ஏறி வீங்கிய கால். அவர்களுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் நடக்கும் பேச்சு எல்லா பிளாக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அக்கா, டிரம்முல புழு நெளியுது பாருங்க. கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவிடுங்க."

"கொட்டிட்டா நாளைக்குப் புள்ளைங்களை எதுல குளிப்பாட்டி ஸ்கூலுக்கு அனுப்புறது? தண்ணி எப்ப வரும்னு நீயே சொல்லும்மா."

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு முறை தண்ணீரைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சூட்டில் அந்த நாட்களும் குறுகும். வாரம் ஒரு முறை என்பது தப்புவதற்கு நூலிழை இடம்தான் விடுகிறது. லிஃப்ட் நின்றுபோன நாளில் ஏழாம் மாடிக்குக் குடம் சுமந்தவரிடம் போய்த் தண்ணீரைக் கொட்டு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அபராதம் போடும் நோட்டீசை அவர் கையில் கொடுப்பது அநியாயம். தண்ணீர் இன்ன நேரத்துக்கு வரும், வந்தே தீரும் என்ற உறுதியைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு கேட்கலாம்.

அன்று ராஸ் நாள் முழுக்கக் குனிந்து தேடியதை இன்று பெரும்பாக்கத்துப் பெண் ஒருத்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்து அரை மணிக்குள் தெரிந்துகொள்கிறாள். மலேரியாவுக்கு அட்டைப் பரிசோதனை. நுண்ணோக்கியில் அகப்படாத டெங்கு வைரஸுக்கு, காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் என்எஸ்1 பரிசோதனை. அறிவில் எத்தனை தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. நோயை அறியும் கருவி மாடி ஏறிவிட்டது, தண்ணீர் இன்னும் ஒழுங்காக ஏறவில்லை.

கொசுவோ ஊர் விட்டு ஊர் போய்க்கொண்டிருக்கிறது. நம் மொட்டைமாடித் தொட்டிகளில் வளரும் ஸ்டீபன்சி 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் காணப்பட்டது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. அடுத்த சில மாதங்களுக்குள் மன்னாரின் கிணறுகளில் இதே கொசுவின் புழுக்கள் அகப்பட்டன. மன்னார்க் கிணறு ஒவ்வொன்றையும் அங்குள்ள சுகாதாரப் பணியாளர்கள் இன்றும் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

லீவன்ஹூக் பார்த்த வகை நுண்ணுயிர்களிலிருந்தே ஒரு துணையும் கிடைத்திருக்கிறது. 1924இல் ஹெர்டிக், உல்பாக் என்ற இருவர் கொசுவின் சூலகத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். உல்பாக்கியா என்று பெயர். ஏடிஸ் எஜிப்தியில் அது இயற்கையாக இருப்பதில்லை. அதை உள்ளே புகுத்தினால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருகத் திணறுகிறது, அந்தப் பாக்டீரியாவோ தாயிடமிருந்து முட்டைக்கும் போய்ச் சேர்கிறது. 1975இல் தொடங்கிய புதுச்சேரி நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், நம் ஊர் ஏடிஸில் உல்பாக்கியாவைப் புகுத்தி வளர்த்திருப்பதாக 2022இல் அறிவித்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. வெப்பம் கொசுவுக்குக் கொடுத்த நாளை இந்தப் பாக்டீரியா திருப்பிப் பிடுங்கும் என்று நம்ப இடமுண்டு. ஆனால் கடும் சூட்டில் சில உல்பாக்கியா வகைகள் தாமே தளர்கின்றன என்பதையும் ஆய்வுகள் காட்டியிருப்பதால், சென்னை வெயிலுக்கு எது தாங்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதுவரை செய்ய வேண்டியதற்கு நோபல் பரிசு அறிவு தேவையில்லை. ஏடிஸின் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, டிரம்மின் உட்சுவரில் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே ஒட்டிக்கொள்கிறது. காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சித்திரையில் ஒட்டிய முட்டை ஐப்பசித் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, நாரோ பிரஷ்ஷோ போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் பிளாக்குகளில் எல்லா டிரம்களும் ஒரு முறை தேய்க்கப்பட வேண்டும். டிரம்களுக்கு இறுக்கமான வலைமூடி கொடுக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஒரு முறை என்ற சுற்றை மழை மாதங்களில் ஐந்து நாளாகக் குறைக்க வேண்டும், அதற்கு இன்னும் எத்தனை டி.பி.சி. பணியாளர்கள் தேவையோ அத்தனை பேரை நிரந்தரச் சம்பளத்தில் எடுக்க வேண்டும். தண்ணீர் வரும் நேரத்தை ஒவ்வொரு பிளாக்கின் கீழ்த்தளச் சுவரிலும் எழுதிப் போட்டு, அந்த நேரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.